வினாத்தாளிற் புகுந்த மாணாக்கன்

நல்லாசிரியனின் இலக்கணம் யாது என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டியதோடு அமையாது, மாணாக்கரையும் வகுத்துரைத்தார். அன்னத்தையும் ஆவையும் ஒப்பவர் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் ஒப்பவர் இடைமாணாக்கர். இல்லிக்குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் ஒப்பவர் கடைமாணாக்கர். கேட்பவனின் ஆற்றலறிந்து பாடஞ் சொல்லுதல் வேண்டும் என்னும் விதியும் அங்கே உண்டு. ஆயின் நூல் சொல்லத் தகாதவர் இன்னார் என ஒரு பட்டியலும் உண்டு. அப்பட்டியலிற் கள்வனோடு பிணியனும், படிறனோடு மந்தனும் ஒருங்கே வைத்து எண்ணப்பட்டனர். அக்காலத்து ஆசிரியன் தன் மாணாக்கனைத் தேர்ந்து கொள்ளும் உரிமை உடையவனாயிருந்தான். இல்லிக்குடம் தன் வாயிலுக்கு வராதபடி தடுத்துக்கொள்ள அவனால் இயன்றது.

அவ்வுரிமை ஆசிரியரிடமிருந்து நீங்கிய காலத்தில் நிகழ்ந்தது யாது? பிணியனும் மந்தனும் வேற்றுமொழியாளனும் சட்டத்தின் வலிமையால் வகுப்பறைக்கு வந்து வாங்கிலில் அமர்ந்த பின்னர், ஆசிரியருக்குத் தராதரப்பத்திரம் வழங்கும் பரீட்சை அவரிடம் என்ன கேட்டல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடியோர் பட்ட இடர்களை ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். அந்நாட்டின் நியூ யோர்க் மாநிலத்தில் ஆசிரியராக விரும்புவோருக்கு 2014 ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்ட பரீட்சைகளுள் ஒன்றின் பெயரே ‘எல்லா மாணவரையும் கற்பித்தல்’ என்பதாகும். பாடத்தின் பெயரைத் தாங்காது மாணவரின் பெயரைத் தாங்கிய அந்த வினாத்தாள் ஒரு நாளிற் பிறந்ததன்று. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் ஒரு வழக்கோ, ஒரு தாயின் முறையீடோ, ஓர் ஆசிரியையின் தனிமுயற்சியோ உண்டு.

தொடக்ககாலத்தை விரைந்து கடந்துவிடலாம். மசாச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் 1647 ஆம் ஆண்டிலேயே, ஐம்பது குடும்பங்கள் வாழும் ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஒருவரை நியமித்தல் வேண்டுமென்று சட்டம் செய்யப்பட்டது. அந்த ஒருவரின் தகுதியை அளக்க ஒழுங்கான பரீட்சை இருக்கவில்லை. ஊர்ப்பெரியாரும் மதகுருவும் அழைத்துச் சில வினாக்கள் கேட்பர். எழுத்தழகு, கணக்கு, வேத அறிவு, நன்னடத்தை என்பன போதுமானவை; குளிர்காலத்தில் வந்து சேரும் வளர்ந்த பையன்களை அடக்கும் தோள்வலியும் இருப்பின் இன்னும் நன்று. 1837 இல் அம்மாநிலக் கல்விச் சபையின் முதற் செயலாளராகிய ஹொறஸ் மான் இந்நிலையை மாற்ற முனைந்தார். 1839 ஆம் ஆண்டு யூலை 3 ஆம் நாள் லெக்சிங்ரன் என்னும் ஊரில் அரசினர் ஆசிரிய பயிற்சிக் கலாசாலை முதன்முதலாகத் திறக்கப்பட்டபோது அங்கு வந்து சேர்ந்தவர்கள் இளம்பெண்கள் மூவரே. அதே நியூ இங்கிலாந்துப் பகுதியின் சமயப் பற்றிலிருந்து எழுந்த அமெரிக்க மிசன் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, லெக்சிங்ரனுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே, 1823 இல், வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினறியை நிறுவியிருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நியூ யோர்க் மாநிலம் 1844 இல் அல்பனி நகரிற் பயிற்சிக் கலாசாலை அமைத்தது. அதன் முதல் அதிபர் டேவிட் பேஜ் 1847 இல் வெளியிட்ட கற்பித்தல் நூல் நெடுங்காலம் ஆசிரியர் கைகளில் இருந்தது.

இவ்வளவும் நிகழ்ந்தும் பரீட்சையின் உள்ளம் மாறவில்லை. சொல்லெழுத்து, இலக்கணம், பூமிசாத்திரம், எண்கணிதம் ஆகியவற்றில் ஆசிரியருக்கு உள்ள அறிவே வினாவப்பட்டது. யாரைக் கற்பிக்கப் போகின்றார் என்பதை ஒருவரும் வினாவினாரல்லர். வினாவ வேண்டிய தேவை பின்னரே வந்தது. மசாச்சூசெற்ஸ் 1852 இலும், நியூ யோர்க் 1874 இலும், கடைசியாக மிசிசிப்பி 1918 இலும் கட்டாய வரவுச் சட்டங்களை இயற்றின. வராதிருந்தோர் வந்தனர். அதே வேளையில் ஐரோப்பாவின் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கப்பல் கப்பலாக மக்கள் வந்திறங்கினர். எலிஸ் தீவின் குடிவரவு நிலையம் 1892 இல் திறக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள், நியூ யோர்க் நகரப் பாடசாலைப் பிள்ளைகளுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோரின் தந்தையர் பிறநாட்டிற் பிறந்தோராயிருந்தனர். ஓர் ஆசிரியையின் முன் இத்தாலியமும் இட்டிஷும் பேசும் பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர் அமர்ந்திருந்தனர். ஆறு வயதுப் பிள்ளையோடு, ஆங்கிலம் அறியாத காரணத்தால் பன்னிரண்டு வயதுப் பையனும் முதலாம் வகுப்பில் முழங்காலை மடக்கி இருந்தான்.

அந்நகரின் ஹென்றி வீதிப் பாடசாலையில் 1899 இல் எலிசபெத் பாரெல் என்னும் இளம் ஆசிரியை செய்த முயற்சி விரித்துரைக்கத்தக்கது. பிற ஆசிரியர்கள் கைவிட்ட பையன்களை அவர் ஒன்று சேர்த்தார். எட்டு வயதினரும் பதினாறு வயதினரும் அவருள் இருந்தனர். வகுப்புக்கு வராது தெருவில் அலைந்தவர்கள், பள்ளியையே முன் கண்டிராதவர்கள், உண்மையாகவே அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என எல்லாரும் ஒரே பெயரால், ‘மக்கு’ என்னும் பொருளில், அழைக்கப்பட்டவர்கள். பாரெல் அம்மையார் முதலில் அவர்களிடம் வாசிப்புப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. தகரப் பேணிகள், மரத்துண்டுகள், கைக்கருவிகள், நிறத்தூரிகைகள், படப்புதிர்கள் ஆகியவற்றையே கொடுத்தார். மரத்தை அளந்து அறுக்கும்போது எண்ணும், செய்த பொருளுக்குப் பெயர் எழுதும்போது எழுத்தும் தாமே வந்து சேர்ந்தன. வகுப்பு எண் இல்லாத வகுப்பாதலால் அது ‘தரமில்லா வகுப்பு’ எனப்பட்டது. இகழ்ச்சியாகத் தோன்றும் அப்பெயர் உண்மையில் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் தளையிலிருந்து பெற்ற விடுதலையைக் குறித்தது. அயலிலிருந்த சமூக சேவை நிலையத்தின் தலைவி லிலியன் வோல்ட் துணைநின்றார். 1906 இல் அத்தகைய வகுப்புக்கள் அனைத்துக்கும் பரிசோதகராகப் பாரெல் நியமனம் பெற்றார். அப்பிள்ளைகளைக் கற்பிப்போருக்கு வேறான பயிற்சி வேண்டும் என்று அவர் இடைவிடாது வற்புறுத்தினார். 1922 இல் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் கல்விக்கான சர்வதேசக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவியும் அவரே. ஆசிரியர் தராதரத்துக்குள் ‘எந்தப் பிள்ளை’ என்னும் வினா முதன்முதலிற் புகுந்த வாயில் அந்தத் தரமில்லா வகுப்பு எனலாம்.

ஆனால் அதே காலத்திற் புகுந்த மற்றொரு கருவி நன்மையும் தீமையும் கலந்ததாயிற்று. பிரான்சிய அறிஞர் அல்பிரெட் பினே 1905 இல் அமைத்த நுண்மதிச் சோதனை, உதவி வேண்டும் பிள்ளையைக் கண்டறியும் நோக்கம் உடையது. அது அமெரிக்காவுக்கு வந்தபின், பிள்ளையை ஒதுக்கும் நோக்கத்துக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆங்கிலம் அறியாப் பிள்ளையை ஆங்கிலத்திற் சோதித்து அறிவிலி என்று எழுதிவைத்த கொடுமையும் நிகழ்ந்தது. ஒதுக்குவதற்குச் சோதனைகூடத் தேவைப்படாத இடங்களும் இருந்தன. விஸ்கொன்சின் மாநிலத்து அன்ரிகோ என்னும் ஊரில், பிறப்பிலேயே வாதத்தால் தாக்குண்ட ஒரு பையன் படிப்பில் மற்றவரோடு ஒத்து ஐந்தாம் வகுப்புவரை வந்திருந்தான். அவனுடைய பேச்சுத் தடுமாற்றமும் முகத்தோற்றமும் ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு தருகின்றன, ஆசிரியரின் நேரத்தை அவன் மிகுதியாகக் கவர்கின்றான் என்று கல்விச் சபை அவனை விலக்கியது. வழக்கு மாநிலத்தின் தலைமை நீதிமன்றம்வரை சென்றது. 1919 இல் நீதிமன்றம் சபையின் பக்கமே தீர்த்தது. பிணியனுக்கு நூல் சொல்லற்க என்பது கடலுக்கு அப்பாலும் சட்டமாக நின்ற காலம் அது.

ஆசிரியரைத் தேரும் பரீட்சைகளும் அக்காலத்தில் வேறொரு வகையில் ஆள்விலக்கும் தொழிலைச் செய்தன. நியூ யோர்க் நகரில் 1898 முதல் ஒரு பரீட்சகர் சபை இருந்தது. அரசியற் சிபாரிசை ஒழித்துத் தகுதியை நிலைநாட்டவே அது தோன்றியது, அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆயின் எழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்திய யூதக் குடும்பத்து இளம்பெண்கள் பலர், 1930 களில், வாய்மொழிப் பரீட்சையில் உச்சரிப்புக் குற்றத்தால் தள்ளப்பட்டனர். தாய் தந்தையர் பேசிய மொழியின் சாயல் நாவில் இருந்ததே அவர்களின் குற்றம். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு, புலம்பெயர்ந்தோரின் மகள் தகுதியற்றவள் எனப்பட்டாள்.

தென்மாநிலங்களில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. அங்கே கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளையின ஆசிரியருக்கும் வெவ்வேறு சம்பளத் திட்டங்கள் இருந்தன. வேர்ஜினியாவின் நோபோக் நகரத்து வழக்கில் 1940 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்வேற்றுமை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. அதே 1940 இலேயே தேசிய ஆசிரியர் பரீட்சை என்பது முதன்முறையாக நடத்தப்பட்டது. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தது தற்செயலாகலாம். பின்னர் நிகழ்ந்தது தற்செயலன்று. தென் கரோலினா 1945 இல் அப்பரீட்சையை மேற்கொண்டு, அதிற்பெற்ற புள்ளிக்கேற்பத் தராதரத்தையும் சம்பளத்தையும் வகுத்தது. தாழ்ந்த பாடசாலைகளிற் கற்க நிர்ப்பந்திக்கப்பட்டோர் தாழ்ந்த புள்ளி பெறுவர் என்பது அறிந்ததே. நிறத்தின் பெயரால் வழங்கிய குறைந்த சம்பளம் புள்ளியின் பெயரால் வழங்கப்பட்டது. மத்திய அரசு பின்னாளில் அம்மாநிலத்தின்மீது தொடுத்த வழக்கும் 1978 இல் அதியுயர் நீதிமன்றத்திற் பயனின்றி முடிந்தது.

1954 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள், கன்சாஸ் மாநிலத்தின் தொபீக்கா நகரத்துப் பெற்றோர் முதலியோர் தொடுத்த வழக்கில், நிறத்தால் வேறுபடுத்திய பாடசாலைகள் இயல்பிலேயே சமத்துவமற்றவை என அதியுயர் நீதிமன்றம் தீர்த்தமை உலகறிந்தது. அத்தீர்ப்பின் பின்விளைவொன்று அத்துணை அறியப்படவில்லை. பாடசாலைகள் இணைக்கப்பட்டபோது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பாடசாலைக்குச் சென்றனர். அவர்களைக் கற்பித்த ஆசிரியர்கள் செல்லவில்லை. 1954 தொடக்கம் 1965 வரை பதினேழு மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் அதிபரும் பதவியிழந்தனர் எனக் கணக்கிட்டுள்ளனர். பிள்ளையை உள்ளே அழைத்த கதவு அப்பிள்ளையை அறிந்த ஆசிரியரை வெளியே தள்ளிவிட்டது.

தொபீக்கா வழக்கு மற்றையோருக்கும் வழிகாட்டியது. நிறத்தால் விலக்குதல் தகாதெனின், உடற்குறையால் விலக்குதல் தகுமோ என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினர். உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் பென்சில்வேனியாவில் தொடுத்த வழக்கு 1971 இலும் அடுத்த ஆண்டிலும் இணக்கத் தீர்வால் முடிந்தது. 1972 இல் வாஷிங்ரன் நகரத்து வழக்கும் பிள்ளைகளுக்குச் சார்பாகவே தீர்ந்தது. 1975 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் சனாதிபதி ஜெறால்ட் போட் கையொப்பமிட்ட சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட குறைபாடுடைய பிள்ளைகளுட் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வி பெறவில்லை, பத்து இலட்சம் பேர் பொதுப்பாடசாலையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டுள்ளனர் என்று அச்சட்டமே ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமற்ற தக்க கல்வி, பெற்றோரும் சேர்ந்தெழுதும் தனியாள் கல்வித் திட்டம், இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு கூடியிருந்து கற்கும் உரிமை என்பன அதன் தூண்கள். விசேட கல்வி ஆசிரியர் மட்டுமன்றிச் சரித்திரம் கற்பிப்பவரும் கணிதம் கற்பிப்பவரும் இத்திட்டத்தை வாசித்து நடக்கக் கடமைப்பட்டனர்.

மொழியின் பெயரால் எழுந்த வழக்கு சான் பிரான்சிஸ்கோ நகரிலே தோன்றியது. ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,800 பேர் எவ்வித தனியுதவியுமின்றி ஆங்கில வகுப்புக்களில் இருத்தப்பட்டிருந்தனர். எல்லாருக்கும் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். பின் குறை யாது என்பது நகரக் கல்வி அதிகாரிகளின் வாதம். கீழ்நீதிமன்றங்கள் அதனை ஏற்றன. 1974 ஆம் ஆண்டு சனவரியில் அதியுயர் நீதிமன்றம் ஒருமனதாக அதனை மறுத்தது. விளங்காத மொழியில் ஒரே பாடத்தைக் கேட்பித்தல் சமத்துவமாகாது என்பதே தீர்ப்பின் கருத்து. அவ்வாண்டு ஓகஸ்டில் நியூ யோர்க் நகரக் கல்விச் சபையும் அஸ்பிரா என்னும் புவேர்ட்டோ றிக்கோ மக்கள் அமைப்பும் செய்த இணக்கம் ஸ்பானிய மொழிப் பிள்ளைகளுக்கு இருமொழிக் கல்வியை அந்நகரில் உறுதி செய்தது. தாய்மொழிக் கல்விக்காக நீண்டகாலம் வாதாடிய இலங்கையருக்கு இவ்வழக்கின் சுவை எளிதிற் புலப்படும்.

சட்டம் எவ்வளவு தரும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு ரௌலி வழக்கே சான்று. நியூ யோர்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் பகுதியில் ஏமி ரௌலி என்னும் செவிப்புலன் குன்றிய சிறுமி சாதாரண வகுப்பிற் படித்தாள். பெற்றோரும் செவிப்புலன் அற்றவர்களே. பாடசாலை அவளுக்குக் கேட்கும் கருவி கொடுத்தது. தனிப்பாடமும் ஒழுங்கு செய்தது. வகுப்பிற் பேசப்படுவதிற் கணிசமான பங்கு அவளுக்கு எட்டவில்லையாதலால், சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் வேண்டுமெனப் பெற்றோர் கேட்டனர். கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் பெற்றோர் பக்கம் நின்றன. 1982 இல் அதியுயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்தது. அவள் வகுப்புக்கு வகுப்பு எளிதிற் சித்தியெய்துகின்றாள்; சட்டம் வாயிலைத் திறக்கக் கட்டளையிட்டதேயன்றி, உச்சத்துக்கு ஏற்றிவிடக் கட்டளையிடவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிபு. கெட்டிக்காரியாயிருந்தமையே அவளுக்கு வினையாயிற்று. இவ்வளவு போதும் என்ற அளவுகோல் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றது; 2017 இல் கொலராடோவிலிருந்து வந்த ஒரு வழக்கில், பிள்ளையின் நிலைமைக்கேற்ற முன்னேற்றத்தைத் தரக்கூடிய திட்டமே திட்டம் என்று அதே நீதிமன்றம் உயர்த்திக் கூறியது. ஏமி ரௌலி பின்னாளிற் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அமெரிக்கச் சைகைமொழி கற்பிக்கும் பேராசிரியையானார்.

இவ்வளவு வழக்குகளும் ஆசிரியரின் கடமைப் பட்டியலை நீட்டின. பரீட்சைத் துறை மெல்லவே பின்தொடர்ந்தது. நியூ யோர்க் நகரப் பரீட்சகர் சபை அதிபர் பதவிகளுக்கு நடத்திய பரீட்சைகள் கறுப்பினத்தாரையும் புவேர்ட்டோ றிக்கோ மக்களையும் தகுந்த காரணமின்றி விலக்குகின்றன என 1971 இல் ஒரு நீதிமன்றம் கண்டது. 1990 களில் மாநிலம் புதிதாகக் கொண்டுவந்த பொதுக்கல்விப் பரீட்சையின் கதையும் அதுவே. ஆண்டுக்கணக்கில் வகுப்பிற் கற்பித்து வந்தோர் பலர், அதிற் சித்தியெய்தாமையால் நிரந்தர நியமனமும் முழுச்சம்பளமும் இழந்தனர். அவருள் மிகப் பலர் கறுப்பினத்தார், ஸ்பானிய மொழியார். 1996 இல் அவர்கள் தொடுத்த வழக்கு ஒரு தலைமுறையை விழுங்கியது. அப்பரீட்சை ஆசிரியத் தொழிலுக்கு வேண்டிய ஆற்றலை அளக்கின்றது என்பது தக்கவாறு நிறுவப்படவில்லை என நீதிபதி கிம்பா வூட் 2012 இலே தீர்ப்பளித்தார். அதன் திருத்திய பதிப்புக்கும் 2015 இல் அதே முடிபு. நட்டஈடு நூறு கோடி டொலரைத் தாண்டிய இவ்வழக்கு, ஆசிரியரைச் சோதிப்போரையும் சோதிக்கலாம் என்பதைக் காட்டிற்று.

இந்தப் பின்னணியிலேதான் 2014 இல் ‘எல்லா மாணவரையும் கற்பித்தல்’ வந்தது. வேறுபட்ட மாணவர் கூட்டங்கள், ஆங்கிலம் கற்கும் மாணவர், உடற்குறை முதலிய விசேட தேவையுடைய மாணவர், ஆசிரியரின் பொறுப்புக்கள், பாடசாலைக்கும் வீட்டுக்குமுள்ள உறவு என ஐந்து பகுதிகள். இரண்டேகால் மணித்தியாலத்தில் நாற்பது பல்தேர்வு வினாக்களுக்கும் மூன்று எழுத்து வினாக்களுக்கும் விடையளித்தல் வேண்டும். நானூறிலிருந்து அறுநூறு வரையான அளவில் 520 புள்ளி சித்திக்குரியது. முதல் மூன்று பகுதிகளிலிருந்து ஒவ்வோர் எழுத்து வினா வரும். வகுப்பின் விபரம், பிள்ளையின் எழுத்து மாதிரி, சோதனைப் புள்ளிகள் போன்ற ஆவணங்கள் தரப்படும். அவற்றை வாசித்து, பிள்ளையின் வன்மையையோ தேவையையோ சான்றுடன் எடுத்துக்காட்டி, அதற்கேற்ற ஒரு கற்பித்தல் முறையை விவரித்து, அது பயன்தருமெனக் கொள்வதற்குக் காரணமும் கூறுதல் வேண்டும். மனனம் செய்தோன் இங்கே தடுமாறுவான். ஆவணத்திலுள்ள பிள்ளை ஒவ்வொரு முறையும் வேறொரு பிள்ளையாயிருப்பதே காரணம்.

ஆயத்தம் செய்வோர் சட்டங்களின் சாரத்தை அறிந்துகொள்ளுதல் எளிது. அரிதானது, பிள்ளையின் செயலைத் தவறாக வாசியாதிருத்தல். வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டாண்டான ஒரு சிறுமி விளையாட்டிடத்தில் ஆங்கிலத்திற் சரளமாகப் பேசுகின்றாள். சரித்திரப் பாடத்தில் ஒரு பந்தியும் எழுத மாட்டாள். அவள் சோம்பேறியா? அறிவுக்குறை உடையவளா? கனடாவில் வாழ்ந்த ஜிம் கமின்ஸ் என்னும் ஐரிஷ் அறிஞர் இத்தகைய பிள்ளைகள் நானூறுக்கு மேற்பட்டோரின் உளச்சோதனை அறிக்கைகளை ஆராய்ந்தார். பேச்சுச் சரளத்தைக் கண்டு மொழித் தடை நீங்கிற்று என நம்பி, எஞ்சிய இடர்ப்பாட்டை அறிவுக்குறை என்று எழுதிய அறிக்கைகளை அவர் கண்டார். உரையாடும் மொழி ஏறக்குறைய இரண்டாண்டில் வரும். பாடநூலின் மொழி வர ஐந்து முதல் ஏழாண்டும் அதற்கு மேலும் செல்லும் என்பது அவர் முடிபு. இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர் ஆங்கிலம் கற்கும் பிள்ளையை விசேட கல்வி வகுப்புக்கு அனுப்பிவிடுவர். அறிந்தவர் அப்பந்திக்குச் சாரம் கட்டுவர்: முக்கிய சொற்களை முன்னரே விளக்குதல், படமும் அட்டவணையும் கொடுத்தல், வசனத்தின் தொடக்கத்தைத் தந்து முடிவைப் பிள்ளையிடம் விடுதல், தாய்மொழியிற் சிந்தித்துப் பேச இடமளித்தல். கட்டடம் எழுந்தபின் சாரம் பிரிக்கப்படும். பிரிக்க மறந்த ஆசிரியரும் உளர், அது தனிக்கதை.

வீட்டைப் பற்றிய பகுதிக்கு ஷேர்லி பிறைஸ் ஹீத் அம்மையார் 1983 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் உதவும். கரோலினா மாநிலங்களின் ஆலைத்தொழிலாளர் ஊர்களில் அவர் பல்லாண்டு பழகினார். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஓர் ஊரில், தமக்கே விடை தெரிந்த வினாவை வளர்ந்தோர் பிள்ளைகளிடம் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. பொருளைக் காட்டி இதன் பெயர் யாது என்னார். இது எதைப் போன்றது என்பர். பாடசாலைக்குச் சென்ற பிள்ளையிடம் ஆசிரியை படத்தைக் காட்டி, இதன் நிறம் யாது என வினவினார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அது தெரியாமையாலன்று, தெரிந்ததைத் தெரிந்தவர் ஏன் கேட்கின்றார் என்பது விளங்காமையாலேயாம். ஆசிரியைகள் இதனை உணர்ந்து வினாவின் வகையை மாற்றியபோது பிள்ளைகள் பேசினர். பின்னர் பாடசாலையின் வினாவையும் பழகிக்கொண்டனர். வகுப்பிலே வாய் திறவாத பிள்ளையைக் கடைமாணாக்கர் வரிசையில் வைப்பதற்கு முன் நின்று எண்ண வேண்டிய இடம் இது.

இத்தாளின் குறை கூறுவாரும் உளர். நூற்றைம்பது இருநூறு சொற்களுக்குள் எழுதும் விடை ஒருவரின் பொறுமையை அளக்குமா, எருமைபோற் குளத்தைக் கலக்கும் பையனிடத்து அவர் காட்டும் அன்பை அளக்குமா என்பது அவர்களின் வினா. அதற்குத் தாளில் விடையில்லை. வேறெந்தத் தாளிலும் இல்லை. எனினும், ஐந்தாம் வகுப்புப் பையனை முகத்தோற்றத்துக்காக விலக்கியோருள் ஒருவராவது இத்தகைய ஆவணமொன்றை வாசித்து அவனுடைய வன்மையைச் சான்றுடன் எழுதும்படி கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால், எழுதுவதற்கேனும் அவனை ஒருமுறை உற்றுப் பார்த்திருப்பார்.

அதே 2014 இல் இதனோடு உடன்பிறந்தது ஆசிரியரின் எழுத்தறிவை அளக்கும் மற்றொரு தாள். கறுப்பினப் பரீட்சார்த்திகளும் ஸ்பானிய மொழிப் பரீட்சார்த்திகளும் அதில் மிகுதியாகத் தவறினர். முந்திய தாள்கள் இரண்டையும் குற்றப்படுத்திய நீதிபதி வூட் 2015 இல் இதனைக் குற்றமற்றதெனவே கண்டார். நீதிமன்றம் அதற்குத் தடையாக நிற்கவில்லை. ஆயினும் பயிற்சி பெற்றோர் பலரை அது வகுப்பறையிலிருந்து விலக்குகின்றது என்ற முறையீடு ஓயவில்லை. மாநிலக் கல்வி மன்றம் 2017 ஆம் ஆண்டு மார்ச்சில் அதனைக் கைவிட்டது. எல்லா மாணவரையும் பற்றிய தாளை மன்றம் நீக்கவில்லை.